வரிசை ஓட்டை எடுத்த வாரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே வெயில். காற்று இல்லை.

நான் கண்புரை ஆபரேஷன் முடிந்து பாண்டிச்சேரியில் மகள் வீட்டில் படுத்திருந்த எட்டு நாளில், என் மன்றத்தின் செயற்குழு என்னைக் கேட்காமல் கூடி, வரிசை ஓட்டை எடுத்துவிடத் தீர்மானம் போட்டிருக்கிறது. அறிவிப்பின் அடியில் என் பெயரையே போட்டிருக்கிறது. இதுதான் நடந்த அநியாயம். இதை எழுதிவிட்டுத்தான் மற்றது.

வலது கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தல். ஒரு வாரம் எழுதக் கூடாது என்றார் டாக்டர். இடது கண்ணை வைத்து எழுதுகிறேன். வரி கோணுகிறது. கோணட்டும்.

பஸ் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே மன்றத்தின் படிப்பகம். மனைவி செல்லம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். "வூட்டுக்குப் போயி மொகம் கழுவிக்கினு வரலாமில்ல" என்றாள். எட்டு நாள் பேப்பர் பார்க்கவில்லை, ஐந்து நிமிஷம் என்றேன். அறிவிப்புப் பலகையில் மஞ்சள் தாள்:

"வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் சிறப்புப் பொதுக்குழு. பொருள்: தலைவர், செயலாளர் பதவிகளுக்கு வரிசை ஓட்டு முறையை நீக்கி, ஒருவருக்கு ஒரு முத்திரை என்ற முறையைக் கொண்டுவருதல். செயற்குழு உறுப்பினர் ஐவருக்கு மட்டும் பழைய முறை தொடரும். இப்படிக்கு, வ. கலியமூர்த்தி, தலைவர்."

அந்தக் கலியமூர்த்தி நான்.

மூன்று முறை படித்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நான்காவது முறை. கண்ணில் நீர் கொட்டியது. ஆபரேஷன் நீர்தான். செல்லம்மாள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு முதுகைத் தட்டினாள்.

வீடு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. குடையைப் படிப்பகத்திலேயே விட்டுவிட்டேன்.

ஞாயிறு பேசுவதற்குக் குறிப்பு. மருந்து மயக்கத்தில் விட்டுப் போகக் கூடாது:

வரிசை ஓட்டுக்கு முன்பு நடந்த தேர்தல். மூன்று பேர் தலைவருக்கு நின்றார்கள். ஓட்டு மூன்றாக உடைந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே வாங்கியவர் தலைவர். மீதி எல்லோரும் வேண்டாம் என்று சொன்ன ஆள் மூன்று வருஷம் நாற்காலியில். வளையமாதேவிப் பக்கம் நிலம் சுரங்கத்துக்குப் போய் வேலைக்கு வந்தவர்களை அவர் ஒரு நாள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை.

அதைச் சரிசெய்ய நான் எழுதிய விதி. சீட்டில் எல்லாப் பெயருக்கும் எதிரே விருப்பப்படி 1, 2, 3 என்று எழுத வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் 1 வரவில்லை என்றால் கடைசி ஆளை நீக்கி, அவர் சீட்டுகளில் 2 யாருக்கோ அவருக்குச் சேர்க்க வேண்டும். ஒருவர் பாதியைத் தாண்டும் வரை இப்படியே. ஜெயிப்பவர் பாதிப் பேருக்காவது ஒத்துக்கொள்ளக்கூடிய ஆள். சின்னக் கூட்டத்து ஆளும் எல்லோருடைய 2 வாங்கி மேலே வரலாம்.

யாரும் சொல்லித் தரவில்லை. ஆறாவதோடு படிப்பு நின்றவன். ராஜ்யசபா ஓட்டைப் பற்றிப் பேப்பரில் வந்ததை வெட்டி வைத்துப் படித்துப் படித்துப் புரிந்துகொண்டேன். புரிந்ததும் தோன்றியது: இது நமக்குத் தெரிந்ததுதானே. குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதினபோது முதல் விருப்பம் இந்த பிளாக், இல்லையென்றால் அந்த பிளாக் என்று எழுதிக் கொடுத்தவர்கள்தானே நாம்.

விதி 22: விதியைத் திருத்த, வந்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு கை எழ வேண்டும். நான்கில் ஒரு பங்குக்கு ஒரு ஆள் அதிகமாக என்னிடம் இருந்தால் போதும்.

விதி 9: தலைவர் ஒப்புதல் இல்லாத அறிவிப்பு செல்லாது. இதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலிலேயே எடுக்கக் கூடாது.

அக்டோபரில் தேர்தல். போன முறை தலைவருக்கு நின்று கடைசியாக வந்த ஜெயக்கொடி அம்மா மறுபடி நிற்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். வரிசை போனால் அவருக்கு வழியே இல்லை.

சொட்டு மருந்து நான்கு மணிக்கு. மறந்து, ஐந்தரைக்கு.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

மதியம் சுரங்கத்தில் வெடி. ஜன்னல் அதிர்ந்தது. தூக்கம் இல்லாத தலைக்கு அது வேறு.

குடை கிடைத்தது. கூடவே செயலாளர் ஞானசேகரனும். படிப்பகத்தில் வரவுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். கன்வேயரில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷம். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். மரியாதைக்குக் குறைவில்லை.

"கண்ணுக்கு ரெஸ்ட் கொடுங்க சார் முதல்ல."

"என் பேரை யாரு போட்டது?"

"நம்ம லெட்டர்பேடுலயே உங்க பேரு அச்சாகி இருக்கு சார். நாங்க என்ன, ஒயிட்னர் வச்சா அழிக்க முடியும்?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏன் எடுக்கிறீர்கள், காரணம் சொல்லுங்கள் என்றேன்.

"ஒருத்தருக்கு ஒரு ஓட்டு, அவ்வளவுதான் சார். உங்க முறையில தோத்துப்போன ஆளுக்குப் போட்டவரோட சீட்டு, திரும்ப இன்னொருத்தருக்குப் போவுது. அவருக்கு ரெண்டு ஓட்டு. முதல்ல இருக்கறவருக்குப் போட்டவங்களுக்கு ஒண்ணுதான். அது நியாயமா?"

"குவார்ட்டர்ஸுக்கு மூணு பிளாக் எழுதிக் கொடுத்தீங்களே. மூணு வீடா கொடுத்தாங்க?"

இப்போது அந்த இரண்டு பேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அது வேற சார். அது வீடு. இது ஆளு."

"என்ன வேற?"

"எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பட்டன், எம்.பி.க்கு ஒரு பட்டன். நாட்டுக்கே அது போதும்னா நமக்கு என்ன?"

"ஜனாதிபதிக்கு? ராஜ்யசபாவுக்கு? அங்க எல்லாம் 1, 2, 3-தான்."

"அங்க ஓட்டுப் போடறவங்க விஷயம் தெரிஞ்சவங்க சார்."

"இந்த விதியை எழுதினவன் ஆறாவது படிச்சவன்."

அவர் அட்டையின் ஓரத்தைக் கத்தரித்தார். பிறகு மெதுவாக, "செயற்குழுவில எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க சார். காதர் பாய் உள்பட" என்றார்.

காதர் உள்பட.

எழுந்து வந்துவிட்டேன். குடை மறுபடி அங்கேயே.


ஆகஸ்ட் 6, புதன்

மேகம். மழை இல்லை, பத்து மணிக்கே வெயில்.

அப்துல் காதர் கேண்டீனில் முப்பத்தொரு வருஷம். நான் சேர்ந்த மூன்றாம் வருஷத்திலிருந்து பழக்கம். விதியை எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்து டீ ஆற்றிக் கொடுத்தவன். மந்தாரக்குப்பத்தில் அவன் மருமகனின் துணிக்கடை வாசலில் பிடித்தேன்.

"கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணத் தோணல?"

"நீ இருந்தா கத்துவே. அதான் நீ இல்லாதப்ப போட்டோம். உக்காரு கலியா, வெயில்ல நிக்காதே. கண்ணாடியில சினிமாக்காரன் மாதிரி இருக்கே."

உட்காரவில்லை. அப்புறம் கால் வலித்து உட்கார்ந்தேன்.

அவன் சொன்ன காரணம் ஞானசேகரன் சொன்னது இல்லை. "ஒண்ணு போடறது ஈசிப்பா. நாலு போடறதுதான் கஷ்டம். நிக்கறது நாலு பேரு. நாலு பேரும் நான் போட்ட இட்லியைத் தின்னவனுங்க. எவனோ ஒருத்தனுக்கு என் கையால நாலுன்னு எழுதணும். மறுநாள் அவன் வந்து சலாம் பாய்னு சொல்லுவான். எப்படி மூஞ்சியைப் பாக்கறது? முத்திரைன்னா ஒருத்தனுக்குக் குத்திட்டு மடிச்சுப் போட்டுட்டு வந்துரலாம். மத்தவனுக்கு நான் ஒண்ணும் எழுதலியே."

"அது ரகசியம். அவனுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"அப்ப போன தடவை எப்படித்தான் எழுதினே?"

கடைக்குள்ளே பார்த்தான். "எழுதினேன். எல்லாரும் எழுதின மாதிரிதான்" என்றான். டீ வந்தது. பேச்சை மாற்றிவிட்டான்.

நாற்பது வருஷ நட்பில் இவன் இப்படி ஒரு யோசனை வைத்திருப்பான் என்று எனக்குத் தெரியாது. சொன்னதில் கொஞ்சம் விஷயமும் இருக்கிறது. இருந்தாலும் கையெழுத்து கையெழுத்துதான்.


ஆகஸ்ட் 7, வியாழன்

காலை ஏழு முதல் பதினொன்று வரை வீடு வீடாக. செல்லம்மாள் கூட வந்தாள், நான் சாக்கடையில் விழுந்துவிடுவேன் என்று.

எனக்குக் கை தூக்குவதாகச் சொன்னவர்கள்: ஒன்பது.
"ஞாயிறு பேத்திக்குக் காது குத்து" என்றவர்கள்: இரண்டு.
"நீங்க சொன்னா சரிதான் தலைவரே" என்றவர்கள்: ஆறு. இவர்களை நம்ப முடியாது. ஞானசேகரனிடமும் இதையே சொல்லியிருப்பார்கள்.
நாய் குரைத்ததால் உள்ளே போகாத வீடு: ஒன்று.

ஒருவர் மட்டும், டிரில்லிங்கில் இருந்தவர், உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்து, "இது எதுக்குங்க இவ்ளோ அலைச்சல்? எந்த முறை வச்சாலும் நீங்கதானே வருவீங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "பின்ன?" என்றார். புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது செல்லம்மாள்: "ஓட்டுப் போடறவங்களுக்கே வேணாங்கறப்ப நீங்க ஏன் புடிச்சிக்கினு தொங்கறீங்க?"

"அவங்களுக்காகத்தான்."

"அவங்களக் கேட்டீங்களா?"

காலையிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்றேன். "நீங்க கேக்கல, சொல்லிக்கினு வந்தீங்க" என்றாள்.

நாளை ஜெயக்கொடி. நிலம் கொடுத்தவர்கள் நகரில் முப்பது பேராவது உறுப்பினர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் முப்பது கையும் என் பக்கம். கணக்கு சரியாகிவிடும்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

எழுத முடியுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலை டவுன் பஸ். இறங்கி ஒரு மைல் நடை. இருபுறமும் முந்திரி. பிறகு நிலம் கொடுத்தவர்களுக்காகப் போட்ட நகர், ஒரே மாதிரி வீடுகள். ஜெயக்கொடியின் கணவர் வீரப்பன் நிலம் போய், அதற்கு வேலை வாங்கி, மற்றவர்களுக்கெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவர். ஓய்வு பெற்ற மறுவருஷம் போய்விட்டார். குடும்ப ஓய்வூதியத்தில் ஜெயக்கொடி உறுப்பினர். போன தேர்தலில் தலைவருக்கு நின்றார். மன்றத்தில் தலைவருக்கு நின்ற முதல் பெண். நான்கு பேரில் நான்காவது.

அப்போது நான் சொன்ன ஆறுதல்: "முதல் எண்ணிக்கையிலேயே நான் பாதியைத் தாண்டிட்டேன். அதனால ரெண்டாவதை எண்ணல. எண்ணியிருந்தா எல்லாருடைய ரெண்டும் உங்களுக்குத்தான்." இதை அவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. நானும் அப்படித்தான் நம்பினேன்.

வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்தார். "குந்துங்க தலைவரே. கண்ணு எப்படி இருக்குது? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

விஷயத்தைச் சொன்னேன். ஞாயிறு உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து எதிர்த்துக் கை தூக்க வேண்டும் என்றேன். கடலை உடைப்பதை நிறுத்தவில்லை.

"நான் அந்தப் பக்கந்தான் தூக்கப் போறேன் தலைவரே. எடுத்துடணும்னு. செயலாளர்கிட்ட கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன்."

தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார்.

"அம்மா, இந்த முறையே உங்களுக்காகத்தான். சின்னக் கூட்டத்துக்காரங்க எல்லாருடைய ரெண்டையும் வாங்கி மேல வரத்தான்."

"யாரு எனக்கு ரெண்டு போட்டாங்க?"

"போட்டிருப்பாங்க."

"நாலு போட்டாங்க. எங்க சனமே நாலு போட்டுச்சு. என் கொழுந்தனாரே நாலு போட்டாரு. நான் வூடு வூடாப் போயிக் கேட்டேன். மறைக்கவே இல்லையே. 'உங்க வூட்டுக்காரருதானே கடைசியா வேலைக்குச் சேந்தாரு, அப்ப நாலுதானே வரும்'னு சொல்றாங்க. கோவத்துல போட்டிருந்தாலும் பரவாயில்ல. இவங்க சரியாப் போட்டதா நெனச்சிக்கினு போட்டிருக்காங்க."

எனக்குப் புரியவில்லை. சேர்ந்ததற்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றேன்.

அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே எனக்குத் தெரியாதா என்று பார்க்கிற பார்வை.

"சீட்டுல பேருக்குப் பக்கத்துல வேலைக்குச் சேந்த தேதி போட்டிருந்தீங்களே தலைவரே. எனக்கு அவரு சேந்த தேதி. 1, 2, 3, 4 எழுதுன்னா, தேதியப் பாத்துக்கினு சீனியாரிட்டிப்படி எழுதிக்கினு போயிட்டாங்க. எல்லாத்துக்கும் நமக்கு அப்படித்தானே. பிரமோஷனுக்கு, குவார்ட்டர்ஸுக்கு, கேண்டீன்ல சேர்மன் வந்தா முன்னாடி நிக்கறதுக்கு."

சீட்டை வடிவமைத்தது நான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் குழப்பம் வரக் கூடாது என்று பெயர், பிரிவு, சேர்ந்த தேதி மூன்றையும் போட்டேன். அச்சகத்தில் நின்று பிழை திருத்தினேன். தேதிகள் சரியா என்று சர்வீஸ் ரெஜிஸ்டர் நகலோடு ஒப்பிட்டேன்.

நான்கு பேரில் முதலில் சேர்ந்தவன் நான்.

"ஒரே முத்திரைன்னு வச்சா," என்றார் ஜெயக்கொடி, "எங்க சனம் என் பேருக்குத்தான் குத்தும். ஒருத்தரத் தேர்ந்தெடுன்னா என்னைத் தேர்ந்தெடுப்பாங்க. வரிசைப்படுத்துன்னா கடைசியிலதான் வெப்பாங்க. நான் தோத்தாலும் பரவாயில்ல. எத்தினி பேரு எனக்குன்னு குத்தினாங்கன்னு ஒரு தடவ பாக்கணும்."

தண்ணீர் கேட்டேன்.

கிளம்பும்போது கேட்டார்: "நீங்க எனக்கு எத்தினி போட்டீங்க தலைவரே?"

"அது ரகசியம்மா" என்றேன். விதி அப்படித்தான்.

பஸ்ஸில் யோசித்தேன். ஒன்று எனக்கு. அது சரி. இரண்டு? தண்டபாணி. தண்டபாணிக்கும் எனக்கும் ஆகாது. ஒரு கூட்டத்தில் என் சட்டையைப் பிடித்தவர். ஏன் அவருக்கு இரண்டு போட்டேன்? மூன்று ஸ்டீபன். அவரோடு நான் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். நான்கு ஜெயக்கொடி.

என்னை அடுத்துச் சேர்ந்தவர் தண்டபாணி. அவரை அடுத்து ஸ்டீபன்.

இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. டவுன்ஷிப் ஆர்ச் வரை போய்த் திரும்பி நடந்தேன்.


ஆகஸ்ட் 9, சனி

அதிகாலையில் நல்ல மழை. ஏழு மணிக்கே மறுபடி வெயில்.

நம்பக் கூடாது, பார்க்க வேண்டும் என்று முடிவு. பழைய சீட்டுகள் மன்ற அலமாரியில் தகரப் பெட்டியில், மெழுகு முத்திரையோடு. இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், ஒன்று செயலாளரிடம். சாட்சிக்குக் காதரைக் கூப்பிட்டேன். பத்து மணிக்குத் திறந்தோம்.

ஞானசேகரனுக்குச் சந்தேகம். "நாளைக்குப் பொதுக்குழு, இன்னைக்கு எதுக்கு சார் பழைய பெட்டி?" எண்ணிப் பார்க்க என்றேன். எடுத்தது என் கையெழுத்துப் பதிவோடு புத்தகத்தில் எழுதப்பட்டது.

இருநூற்றுச் சொச்சம் சீட்டு. மேஜையில் பிரித்து வைத்தேன். வரிசை வாரியாகக் கட்டு. நான், தண்டபாணி, ஸ்டீபன், ஜெயக்கொடி என்ற வரிசை ஒரு பக்கம். மற்ற எந்த வரிசையும் மறுபக்கம்.

ஒரு பக்கம் கட்டு உயர்ந்துகொண்டே போனது. இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. மறுபக்கம் ஒரு விரற்கடை கூட இல்லை. அங்கே இருந்ததிலும் சில வெற்றுச் சீட்டு. ஒரு சீட்டில் எண்ணே இல்லை, "எல்லாரும் நல்லவங்க" என்று எழுதியிருந்தது. காதர் அந்தச் சீட்டை மட்டும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கையெழுத்து எனக்குத் தெரியும். அவன் எண் எழுதவே இல்லை. எல்லாரும் எழுதின மாதிரி எழுதினேன் என்றது பொய்.

மூன்று வருஷமாக, பாதிக்கு மேல் மக்கள் என்னை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. என் சேர்ந்த தேதியைப் படித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

ஞானசேகரன் கட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல என்ன சார் ஆச்சரியம்? நானும் அப்படித்தான் போட்டேன்" என்றார்.

"நீங்களுமா?"

"சீனியர் இருக்கறப்ப?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். மெழுகு வைத்து மறுபடி மூடுவதற்குள் இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டேன்.

காதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடந்து வந்தான். "யாருகிட்டயும் சொல்லாதே. ஞானசேகரனுக்கு இது ஒண்ணுமே இல்ல, அவன் சொல்ல மாட்டான். நீ நாளைக்கு விதி 9-ஐச் சொல்லி அறிவிப்பு செல்லாதுன்னு அடிச்சிரு. முடிஞ்சுது" என்றான்.

அதுதான் திங்கள்கிழமையிலிருந்து என் கையில் இருக்கிறது. நாளை காலை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடலாம்.

மருந்து: காலை போட்டேன். மற்றது நினைவில்லை.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

கூட்டம் நடந்த விதம், உள்ளபடி.

வந்தவர்கள் நூற்று நாற்பத்தெட்டு பேர். மின்விசிறி இரண்டு ஓடவில்லை. பெண்கள் இடது பக்கம் மூன்று பெஞ்சு. ஜெயக்கொடி நடு பெஞ்சில்.

நான் முதலில் எழுந்தேன். விதி 9-ஐப் படித்தேன். இந்த அறிவிப்பை நான் வெளியிடவில்லை, செல்லாது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றேன். ஞானசேகரன் முகம் வெளுத்தது. பின்வரிசையில் ஒருவர் "அப்ப வூட்டுக்குப் போலாமா?" என்றார்.

சொல்லப் போவதில்லை என்றேன். ஏன் என்று சொல்கிறேன், உட்காருங்கள் என்றேன்.

நேற்று பெட்டியில் பார்த்ததைச் சொன்னேன். சேர்ந்த தேதியைச் சீட்டில் போட்டது நான், தப்பு என் தப்பு, நானும் தேதிப்படிதான் போட்டேன், ஜெயக்கொடி அம்மாவுக்கு நான்கு போட்டேன் என்று சொன்னேன். தண்டபாணி முன்வரிசையில். "எனக்கு ரெண்டா? நீயா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். கூடவே பாதிக் கூட்டம்.

சிரிப்பு நின்றதும் நான் எதிர்பார்க்காதது வந்தது. மோர் கொடுத்தவர் எழுந்தார். "இதுல தப்பு எங்கங்க இருக்குது? சீனியரை விட்டுட்டு ஜூனியருக்கு ஒண்ணு போட்டா நல்லாவா இருக்கும்?" சரி சரி என்று நாலா பக்கமும். தேதி போட்டிருக்காவிட்டாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தேதி அச்சில் இருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை மிச்சம், அவ்வளவுதான்.

நான் சொன்னேன்: ஆளைப் பார்க்காமல் தேதி வரிசையை எழுதினால் முறை என்ன செய்யும்? சீட்டை மாற்றுவோம், பெயரைக் கலைத்துப் போடுவோம், உட்கார்ந்து பேசுவோம். முறையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே முத்திரை வந்தால் மூன்றில் ஒரு பங்குக்காரன் மறுபடி நாற்காலியில் உட்காருவான்.

ஞானசேகரன் சுருக்கமாக: "தலைவரே ஒத்துக்கிட்டாரு. மக்களுக்கு வரிசைன்னா சீனியாரிட்டிதான். இதை மாத்த நாம யாரு?"

ஜெயக்கொடி எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. "தலைவர் உண்மையச் சொன்னாரு. வேற யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா நான் ஜூனியராவே செத்துப்போவ முடியாதுங்க. எடுத்துடுங்க." உட்கார்ந்துவிட்டார்.

கை எண்ணிக்கை. வேண்டியது நூற்றுப் பதினொன்று. ஞானசேகரனும் காதரும் தனித்தனியாக எண்ணினார்கள். காதர் கை தூக்கவில்லை. அவன் முதுகைப் பார்த்தாலே எனக்காக என்று தெரிந்தது. இரண்டு பேரும் சொன்ன எண் ஒன்று.

நூற்றுப் பதினொன்று.

ஒரு கை குறைந்திருந்தால் போதும். நடு பெஞ்சில் ஜெயக்கொடியின் கை கடைசி வரை இறங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கியிருந்தார்.

"தீர்மானம் நிறைவேறியது" என்று அறிவிக்க வேண்டியவன் தலைவர். அறிவித்தேன்.

வெளியே செல்லம்மாள் பால் பூத் நிழலில் நின்றிருந்தாள். நிமிர்ந்து பாருங்கள் என்று சொல்லி இரண்டு கண்ணிலும் சொட்டு போட்டாள். ஆபரேஷன் ஆகாத கண்ணிலும்.


ஆகஸ்ட் 11, திங்கள்

காற்று. மைன்ஸ் பக்கத்துப் புழுதி வாசல் வரை.

தோற்றது முறை இல்லை. இன்னும் அப்படித்தான் சொல்கிறேன். அது ஒரு தடவைகூட ஓடிப் பார்க்கவே இல்லை. ஆனால் இந்த மன்றத்தில் ஜெயக்கொடி ஒரு தடவை எண்ணப்பட வேண்டும். அது அக்டோபரில், ஒரே முத்திரையில்தான் என்றால் அப்படியே ஆகட்டும்.

செய்ய வேண்டியது:

ஞானசேகரன் — குறிப்பேட்டில் இரண்டு வரி. என் பெயர் என்னைக் கேட்காமல் போடப்பட்டது. சீட்டில் தேதி போட்ட தவறு என்னுடையது. இரண்டும் அடுத்தடுத்து வர வேண்டும். ஒன்றை விட்டால் கையெழுத்துப் போட மாட்டேன்.

தேர்தல் அலுவலர், யாராக இருந்தாலும் — சீட்டில் பெயரும் படமும் மட்டும். தேதி கூடாது. பிரிவு கூடாது. மனுப் படிவத்தில் உள்ள "சேர்ந்த தேதி" கட்டத்தையும் எடுத்துவிட வேண்டும்.

தண்டபாணி — இந்த முறையும் நிற்பதாகக் கேள்வி. நிற்கட்டும். சீனியர் என்று சொல்லி ஓட்டுக் கேட்கக் கூடாது என்று அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். சட்டையைப் பிடித்தாலும் சொல்ல வேண்டும். (நான்.)

ஜெயக்கொடி — மனு இருபதாம் தேதிக்குள். முன்மொழிபவர் நான். நேற்றே கேட்டிருக்க வேண்டும்.

காதர் — அதில் வழிமொழிந்து கையெழுத்து. "பாக்கலாம்" என்கிறான். பாக்கலாம் போதாது. எழுத வேண்டிய இடத்தில் இந்த முறை எழுத வேண்டும்.

நான் — நிற்பதில்லை. லெட்டர்பேடில் மீதி உள்ள தாள்களைச் செயலாளரிடம் ஒப்படைப்பது. வீடு வீடாக மறுபடி போவது, இந்தத் தடவை கேட்பதற்கு. அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் வரிசை ஓட்டைத் திரும்பக் கொண்டுவர மனு. அதற்கு முப்பது உறுப்பினர் கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்து ஜெயக்கொடியிடம் வாங்க வேண்டும். மாட்டேன் என்பார். மறுபடி போக வேண்டும்.